ஒரு பக்கக் கை தானாக ஆடினால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள்

நெடுநாளாகச் சர்க்கரை கட்டுக்குள் வராத முதியவர் ஒருவருக்கு, பெரும்பாலும் அறுபது வயதைக் கடந்த பெண்மணி ஒருவருக்கு, ஒரு பக்கக் கை திடீரென்று தன் போக்கில் ஆடத் தொடங்கலாம். முதலில் விரல்கள் மட்டும் நெளியும். ஓரிரு நாள்களில் மணிக்கட்டும் தோளும் சேர்ந்துகொள்ளும். பிறகு அதே பக்கத்துக் கால் உதைப்பதுபோல் எழும்பும். சிலருக்கு வாயோரமும் சுளிக்கும். பேச்சும் நினைவும் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். உறக்கத்தில் ஆட்டம் அடங்கி, விழித்ததும் திரும்ப வரும். கட்டுக்கடங்காத சர்க்கரையால் மூளையின் ஆழப்பகுதி பாதிக்கப்பட்டு வரும் இந்த நிலையை மருத்துவர்கள் டயாபெடிக் ஸ்ட்ரையேட்டோபதி என்கிறார்கள். நெளியும் அசைவைக் கோரியா என்றும், கையைக் காலை வீசியெறியும் கடுமையான அசைவைப் பாலிஸம் என்றும் குறிப்பிடுகிறார்கள். இது அரிதான நோய்தான். ஆனால் 2023-இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 'இந்தியாப்' (INDIAB) என்ற சர்க்கரை நோய் ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களுள் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. இவ்வளவு பேர் இருக்கும் மாநிலத்தில் அரிதான நோயும் ஏதோ ஒரு தெருவில் வந்து நிற்கும்.

சேலத்திலும் சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் இப்படியொரு ஆட்டத்தைப் பார்க்கும் வீட்டார் அதை வாதம் என்று எண்ணி எண்ணெய் தேய்க்கலாம். வலிப்பு என்று எண்ணிக் கையில் இரும்பைக் கொடுக்கலாம். ஆடி மாதத்தில், கோட்டை மாரியம்மன் கோயிலில் கூட்டம் நிறைந்திருக்கும் நாள்களில், அருள் இறங்கியிருக்கிறது என்றும் எண்ணலாம். நம்பிக்கையைப் பற்றி இங்கு வாதிட வேண்டியதில்லை. விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது என்பதால், வேறு எதைச் செய்வதாக இருந்தாலும் அதற்கு முன்பாக இதைச் செய்துவிட வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை.

சர்க்கரை பார்ப்பதற்கு முன் நோயாளியின் விரலைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். மாம்பழம் நறுக்கிய கையோடு, அல்லது வெல்லம் தொட்ட கையோடு சோதித்தால், இல்லாத சர்க்கரையைக் கருவி காட்டிவிடும். மல்கோவாவும் குண்டு மாம்பழமும் வீட்டில் நிறைந்திருக்கும் மே மாதத்தில் சேலத்துக்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏற்காட்டுக் குளிரில் விரல் நுனியில் இரத்தம் வராவிட்டால், வெதுவெதுப்பான நீரில் கையைச் சிறிது நேரம் வைத்திருந்து, விரலின் பக்கவாட்டில் குத்தலாம். ஸ்ட்ரிப் டப்பாவின் மூடி திறந்தே கிடந்திருந்தால் மலை மூடுபனியின் ஈரம் ஏறி அளவு பிசகும். அப்படிப்பட்ட டப்பாவை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

கருவி 70-க்குக் கீழே காட்டினால் அது வேறு அவசரம். தாழ்ந்த சர்க்கரையிலும் கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும், சில வேளை கோரியாவைப் போன்ற அசைவும் வரும். விழுங்கும் நிலையில் இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் இன்னொரு முறை கொடுக்க வேண்டும். வோக்ளிபோஸ் அல்லது அகார்போஸ் மாத்திரை சாப்பிடுபவருக்குச் சாதாரணச் சர்க்கரையும் மிட்டாயும் விரைவில் வேலை செய்யாது, ஏனெனில் அந்த மருந்துகள் சர்க்கரை குடலில் உடைவதையே தாமதப்படுத்துகின்றன. அவர்கள் வீட்டில் குளுக்கோஸ் பொடியே இருக்க வேண்டும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளால் சர்க்கரை தாழ்ந்திருந்தால், ஒருமுறை தெளிந்த பிறகும் சில மணி நேரம் கழித்து மீண்டும் தாழக்கூடும் என்பதால், தெளிந்துவிட்டார் என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

கருவி 300-க்கு மேல் காட்டி, ஒரு பக்கமும் ஆடிக்கொண்டிருந்தால், அன்றே, அந்த நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எண் ஏதும் வராமல் 'ஹை' என்ற எழுத்து மட்டும் தோன்றினால், பெரும்பாலான கருவிகளில் சர்க்கரை 600-ஐத் தாண்டிவிட்டது என்று பொருள். அந்த நிலையில் உடல் நீர் வற்றி நினைவு மங்கும் ஆபத்தும் கூடவே இருக்கிறது. நன்றாக விழித்திருந்து, புரையேறாமல் விழுங்குபவராக இருந்தால் தண்ணீர் கொடுக்கலாம். இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவருக்கு அந்த அளவை மீறிக் கொடுக்க வேண்டாம். இளநீர், பழச்சாறு, சோடா கூடாது. சர்க்கரை ஏறியிருக்கிறதே என்று வீட்டிலுள்ள மாத்திரையைக் கூடுதலாகக் கொடுப்பதும், இன்சுலினை யூகத்தில் ஏற்றிப் போடுவதும் கூடாது.

இடைப்பட்ட அளவுதான் குழப்பத்தை உண்டாக்கும். கருவி 180 அல்லது 220 என்று காட்டுகிறது, ஆகவே ஆட்டத்துக்குச் சர்க்கரை காரணமில்லை என்று வீட்டார் முடிவு கட்டிவிடுவார்கள். சர்க்கரை பல வாரம் உச்சத்தில் இருந்து, சிகிச்சையால் இறங்கிய பிறகு, சில நாள் அல்லது சில வாரம் கழித்து ஆட்டம் தொடங்கியவர்கள் உண்டு. எச்பிஏ1சி எனப்படும் மூன்று மாதச் சராசரிப் பரிசோதனை அந்தக் கதையைக் காட்டிக்கொடுக்கும். 2020-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, உலக மருத்துவ இதழ்களில் பதிவான 176 நோயாளிகளை ஒன்றாகப் பார்த்தது; அவர்களுடைய சராசரி எச்பிஏ1சி சுமார் 13 சதவீதம், இரத்தச் சர்க்கரையின் சராசரி 400-க்கு மேல். ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு, தமக்குச் சர்க்கரை நோய் இருப்பதே இந்த ஆட்டம் வந்த பிறகுதான் தெரிந்தது. எனவே எங்கள் வீட்டில் யாருக்கும் சர்க்கரை இல்லை என்ற பதிலும் பரிசோதனையைத் தள்ளிப்போடக் காரணமாகாது.

சர்க்கரை பார்த்தாயிற்று என்றால், அடுத்து ஒருவர் கைப்பேசியில் ஒரு நிமிடக் காணொளி எடுத்துவிட வேண்டும். முகம், இரு கைகள், இரு கால்கள் எல்லாம் ஒரே சட்டத்துக்குள் தெரிய வேண்டும். நோயாளியிடம் பெயரும் ஊரும் கேட்டு அவர் பதில் சொல்வதும் பதிவாக வேண்டும். இயன்றால் உறங்கும்போது ஒருமுறையும் எடுத்துவைக்கலாம். மருத்துவமனை வாசலில் ஆட்டம் சற்று அடங்கியிருக்கும் வேளையில், வீட்டார் வாய்மொழியாக விவரிப்பதைக் காட்டிலும் அந்த ஒரு நிமிடம் மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

காணொளி எதற்கு உதவுகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. கோரியாவின் அசைவு ஒழுங்கில்லாதது; ஒரு முறை விரல், அடுத்த முறை தோள், அதற்கடுத்து கால் என்று எதிர்பாராத விதமாக ஓடும். வலிப்பில் ஒரே தசை ஒரே தாளத்தில் வெட்டிவெட்டி இழுக்கும். அது உறக்கத்திலும் தொடரக்கூடும். இதில் ஒரு சிக்கல் உண்டு: மிகுந்த சர்க்கரையே ஒரு பக்க வலிப்பையும் வரவழைக்கும், அந்த வலிப்பு சர்க்கரை இறங்காத வரை வலிப்பு மருந்துக்கு எளிதில் கட்டுப்படாது, போதாக்குறைக்கு, ஃபெனிடாயின் என்ற பழைய வலிப்பு மருந்து இன்சுலின் சுரப்பைக் குறைத்துச் சர்க்கரையை மேலும் ஏற்றக்கூடும். பார்க்கின்சன் நோயில் கை ஓய்ந்திருக்கும்போது சீரான நடுக்கம் இருக்கும். சிறுநீரகம் பழுதானவர் கையை நீட்டிப் பிடித்தால் மணிக்கட்டு படபடவென்று விழுந்து எழும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு போன்ற மருந்துகளாலும் வாயும் கழுத்தும் முறுக்கிக்கொள்ளும் என்பதால், கடந்த சில வாரங்களில் சாப்பிட்ட மருந்துகள் அனைத்தையும், உறைகளோடு, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். மூட்டு வலிக்காக யாரோ கொடுத்த பொட்டலப் பொடியும் அந்தப் பையில் இருக்கட்டும். அத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு, ஸ்டீராய்டு சர்க்கரையை விறுவிறுவென்று ஏற்றும்.

முகம் ஒரு பக்கம் தொங்குவது, கை சோர்ந்து கீழே விழுவது, பேச்சு குழறுவது ஆகியவற்றில் எது இருந்தாலும் அதைப் பக்கவாதம் என்றே கருதி, நேரத்தைக் குறித்துக்கொண்டு, 108-ஐ அழைக்க வேண்டும். மூளையின் ஆழத்தில் ஏற்படும் சிறிய பக்கவாதமும் இதேபோல் ஒரு பக்கத்தை ஆட வைக்கும். வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரிப்பது வீட்டாரின் வேலையன்று.

நகரத்துக்குள் அம்மாப்பேட்டையிலோ கொண்டலாம்பட்டியிலோ இருப்பவர்களுக்கு மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவது கடினமன்று. மலை மேலிருந்து வருபவர்களுக்குத் தான் முன்யோசனை வேண்டும். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பிரதான சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கை கால் கட்டுப்பாடில்லாமல் வீசிக்கொண்டிருக்கும் ஒருவரை இருசக்கர வண்டியில் நடுவில் உட்கார வைத்து இறக்குவது உயிரோடு விளையாடுவதாகும். முதலில் ஏற்காடு அரசு மருத்துவமனையில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்து, தேவைப்பட்டால் குளுக்கோஸ் இல்லாத சலைன் ஏற்றத் தொடங்கி, அங்கிருந்து ஆம்புலன்ஸில் இறங்குவதே முறை. வண்டியில் ஆடாத பக்கம் கதவோரமாகவும், ஆடும் பக்கம் உடன் வருபவர் பக்கமாகவும் இருக்கட்டும். இடையில் ஒரு தலையணையோ மடித்த போர்வையோ வைக்கலாம். வளையல், கொலுசு, கைக்கடிகாரம் ஆகியவற்றை வீட்டிலேயே கழற்றிவிட வேண்டும். ஆடும் கையைத் துண்டால் கட்டிலோடு கட்டிப் போடக் கூடாது. தோல் கிழிவதும் மூட்டு பிசகுவதும் ஒருபுறம் இருக்க, கட்டை எதிர்த்து இடைவிடாமல் இழுக்கும் தசை சிதைந்து சிறுநீரகத்தையும் பாதிக்கலாம்.

மருத்துவமனையில் முதலில் பார்க்கும் மருத்துவரிடம் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியவை: சர்க்கரை நோய் எத்தனை ஆண்டுகளாக உள்ளது, எந்தப் பக்கம் எத்தனை நாளாக ஆடுகிறது, உறக்கத்தில் நிற்கிறதா, வீட்டில் பார்த்த சர்க்கரை எவ்வளவு. இந்தக் கடைசி எண்ணைச் சொல்லாமல் விடுவதால் வரக்கூடிய பிழை பெரியது. இந்த நோயில் சி.டி. ஸ்கேன் எடுத்தால், ஆடும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க மூளையின் ஆழத்தில் உள்ள பியூட்டமென் என்ற பகுதி வெள்ளையாகத் தெரியலாம். மூளை இரத்தக் கசிவும் சி.டி.யில் வெள்ளையாகவே தெரியும். சர்க்கரையின் அளவு தெரியாமல் படத்தை மட்டும் பார்ப்பவர் அதை இரத்தக் கசிவு என்று எழுதிவிடக்கூடும். அதன் பிறகு இதயத்துக்காகச் சாப்பிட்டுவரும் இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நிறுத்துவது வரை முடிவுகள் தடம் மாறும். சர்க்கரையால் வந்த வெண்மை அந்தப் பகுதியின் எல்லைக்குள்ளேயே அடங்கி, பக்கத்தில் உள்ள நரம்புப் பாதையை விட்டுவைத்து, சுற்றிலும் வீக்கமில்லாமல் இருக்கும். சி.டி. இயல்பாகவே இருந்தாலும் நோய் இல்லை என்று ஆகாது, எம்.ஆர்.ஐ.யின் டி1 வகைப் படத்தில் அதே இடம் பளிச்சென்று தெரியலாம். சர்க்கரை, எச்பிஏ1சி, கீட்டோன் (உடல் கொழுப்பை எரிக்கும்போது உருவாகும் பொருள்), சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின், தைராய்டு ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் எழுதப்பட்டால் அவை வீண்செலவு அல்ல. ஒவ்வொன்றும் வேறொரு காரணத்தை விலக்குவதற்காகக் கேட்கப்படுகிறது.

இந்த நோய் ஏன் வருகிறது என்பதற்கு 1960-இல் பெட்வெல் என்ற மருத்துவர் முதன்முதலாக இதைப் பதிவு செய்ததிலிருந்து பல விளக்கங்கள் சொல்லப்பட்டுவருகின்றன. அசைவுகளைக் கட்டுப்படுத்தும் ஆழப்பகுதிக்குச் சர்க்கரை மிகுந்து கெட்டியான இரத்தம் போதிய அளவில் செல்வதில்லை. மேலும், அசைவை அடக்கிவைக்கும் காபா என்ற வேதிப்பொருளை, எரிபொருள் கிடைக்காத அந்தப் பகுதி தானே செலவழித்துத் தீர்த்துவிடுகிறது. கீட்டோன் உற்பத்தியாகும் நிலையில் அதிலிருந்து காபாவை மீண்டும் ஆக்கிக்கொள்ள முடியும். கீட்டோன் இல்லாமல் சர்க்கரை மட்டும் உயரும் இரண்டாம் வகை நோயில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. முதிய பெண்களிடம் அதிகமாகக் காணப்படுவதற்கு, மாதவிடாய் நின்ற பின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து அசைவைத் தூண்டும் டோபமின் என்ற மூளை வேதிப்பொருளுக்கான உணர்திறன் கூடுவதைக் காரணமாகச் சொல்கிறார்கள். இவற்றுள் எதுவும் முழுக் கதையாக இன்னும் நிறுவப்படவில்லை. சிகிச்சைக்கு அது தடையாகவும் இல்லை.

சிகிச்சையின் முதுகெலும்பு சலைனும் இன்சுலினும்தான். மணிக்கு மணி சர்க்கரையும் பொட்டாசியமும் பார்த்துப் படிப்படியாக இறக்குவார்கள். இன்றைக்கே 100-க்குக் கொண்டுவாருங்கள் என்று வீட்டார் அவசரப்படுத்தக் கூடாது. மிக வேகமாக இறக்கினால் மூளையில் நீர் சமநிலை குலையும். சர்க்கரை இறங்கிய சில நாள்களிலேயே பலருக்கு ஆட்டம் குறையத் தொடங்கும். குறையாதவர்களுக்கும், ஆட்டத்தால் உண்ணவோ உறங்கவோ முடியாதவர்களுக்கும் ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், டெட்ராபெனசைன், குளோனசெபாம் போன்ற மருந்துகளில் ஒன்றைச் சேர்ப்பார்கள். இவற்றை வாங்கிக்கொண்டு வீடு திரும்புபவர்கள் கவனிக்க வேண்டியவை உண்டு: ஹாலோபெரிடாலும் ரிஸ்பெரிடோனும் உடலை இறுக்கி நடையை மந்தமாக்கலாம், டெட்ராபெனசைன் மனச்சோர்வை உண்டாக்கலாம், குளோனசெபாம் மயக்க உறக்கத்தில் முதியவரைக் கழிப்பறை வாசலில் விழ வைக்கலாம். ஆட்டம் நின்றதும் மருந்தைத் தானாக நிறுத்திவிடுவதும், பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருப்பதும் ஒரே அளவு தவறு. மறு பரிசோதனைத் தேதியைச் சீட்டிலேயே எழுதி வாங்கிவிட வேண்டும். ஸ்கேனில் தெரியும் வெண்மை மறையப் பல மாதங்கள் ஆகும். ஆட்டம் நின்ற பிறகும் படம் மாறவில்லையே என்று அஞ்சி, மாதந்தோறும் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்த பின், சர்க்கரை ஏன் அந்த அளவுக்கு ஏறியது என்பதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் உண்மையான வேலை. வாய்க்கட்டுப்பாடு இல்லை என்று நோயாளியைத் திட்டுவதில் பயனில்லை. பல வீடுகளில் குற்றவாளி ஊசிக்குழாய்தான். நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரு செறிவுகளில் கிடைக்கிறது. முன்னதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, பின்னதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால், உடலுக்குப் போவது 8 யூனிட் மட்டுமே. மாறாக, 100 யூனிட் குப்பியைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால், இரண்டரை மடங்கு ஏறிச் சர்க்கரை ஆபத்தாகத் தாழும். குப்பியையும் சிரிஞ்சையும் பக்கத்தில் வைத்து, கண் நன்றாகத் தெரியும் ஒருவர் இதை ஒவ்வொரு முறை வாங்கும்போதும் சரிபார்க்க வேண்டும். ஒரே இடத்தில் தொடர்ந்து ஊசி போட்டால் அங்கே கொழுப்புக் கட்டி வந்து இன்சுலின் உள்ளே சேராது. வயிற்றைத் தடவிப் பார்த்து, கட்டி தட்டுப்படும் இடத்தை விட்டு மாற்றி மாற்றிப் போட வேண்டும். திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள், குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டில் இருக்கலாம்; உறைபெட்டியில் வைத்து உறைந்துபோனதைப் பயன்படுத்தக் கூடாது. சித்திரை வெயிலில் சேலத்து ஓட்டு வீடுகளும் தறிக்கூடங்களும் தகிக்கும்போது, குளிர்சாதனப் பெட்டி இல்லாதவர்கள் ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் சிறு டப்பாவில் வைத்துக் காக்கலாம்.

உணவைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்: ராகிக் களியும் கம்பங்கூழும் சர்க்கரைக்கு நல்லவை என்ற நம்பிக்கையில் அளவின்றி உண்பது அரிசிச் சோற்றை அளவின்றி உண்பதற்குச் சமம். ஜவ்வரிசி நம் மாவட்டத்தின் பெருமையாக இருக்கலாம், ஆனால் அது ஏறத்தாழ முழுக்க மாவுச்சத்து. ஆடியிலும் புரட்டாசியிலும் விரதம் இருப்பவர்கள், மாத்திரை நேரத்தையும் இன்சுலின் அளவையும் முன்கூட்டியே மருத்துவரிடம் மாற்றி எழுதி வாங்காமல் விரதம் தொடங்க வேண்டாம். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து சாப்பாடு குறைந்த நாள்களில், சாப்பிடவில்லையே என்று இன்சுலினை முழுவதுமாக நிறுத்திவிடுவதும் சர்க்கரை உச்சத்துக்குப் போகும் வழிகளில் ஒன்று; அந்நாள்களில் கூடுதல் முறை சர்க்கரை பார்த்து, மருத்துவரைக் கேட்டு அளவை மாற்ற வேண்டும்.

மருந்து தீர்ந்து, அடுத்த முறை கீழே இறங்கும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று விடுவது மலைக் கிராமங்களில் நடக்கக்கூடியது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கீழ்ச் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளைத் தன்னார்வலர்கள் வீட்டிலேயே கொண்டுவந்து தருகிறார்கள். பெயர் சேர்க்கப்படவில்லையென்றால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். தனியே வாழும் முதியவருக்கு எச்பிஏ1சி 8 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பல நேரங்களில் அதுவே போதும்; 6-க்குக் கொண்டுவரத் துடித்து, அடிக்கடி தாழ்ந்த சர்க்கரையில் விழ வைப்பது அவருக்கு நன்மை செய்யாது. எந்த எண்ணை இலக்காகக் கொள்வது என்பதை அவருடைய வயது, சிறுநீரகம், இதயம், உடனிருப்பவர் யார் என்பவற்றைப் பார்த்து மருத்துவர் சொல்வார்.

ஆட்டம் முழுதாக நின்று, சில மாதம் கழித்து விரல்கள் மறுபடி நெளியத் தொடங்குமானால், அது சர்க்கரை மீண்டும் ஏறியிருப்பதன் முதல் தடயமாக இருக்கலாம். அப்போதும் வரிசை மாறாது: கையைக் கழுவிச் சர்க்கரை பார்ப்பது, காணொளி எடுப்பது, பழைய ஸ்கேன் படங்களையும் மருந்துப் பையையும் எடுத்துக்கொண்டு அன்றே புறப்படுவது.